ஈழத்துப் பாட்டின் கதை – 9: கிற்றாரோடு வந்தவர்கள்

சென்ற இதழில் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவோடு மயான காண்டத்தில் நின்றோம். தலைமுறைகளாக மேடையில் பாடப்பட்டு வந்த பாட்டுகளைத் தன் குரலால் தனதாக்கிக்கொண்ட பெரும் நடிகர் அவர். இந்த இதழில் வருகிறவர்கள் அவரைவிட ஏறத்தாழ ஒரு தலைமுறை இளையவர்கள். கையில் கிற்றாரோடு வந்தார்கள். கோயிலையோ புராணத்தையோ பாடாமல், பக்கத்து வீட்டு மாமியையும் பனந்தோப்புக் கள்ளையும் பாடினார்கள். அவர்களில் பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, பாடுவதையும் தானே செய்தவர் உரும்பிராய் நித்தி கனகரத்தினம். இன்று அவருடைய பாட்டுகளை உலகெங்கும் தமிழர்கள் பாடுகிறார்கள். எழுதியவர் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். அது ஏன் அப்படி ஆனது என்பதுதான் இந்த அத்தியாயம்.

1960களில் யாழ்ப்பாணத்தில் இசையால் சோறு உண்பதற்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது கோயில். இணுவில், அளவெட்டிப் பகுதிகளின் மேளகாரக் குடும்பங்கள் திருவிழா உபயகாரர் கொடுக்கும் சன்மானத்திலும் கல்யாண வீட்டு அழைப்புகளிலும் வாழ்ந்தன. தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்றவர் அந்த வழியிலேயே தமிழ்நாட்டின் பெரும் வித்துவான்களும் தேடி அழைக்கும் உயரத்துக்குப் போனார். நாதஸ்வரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதனின் பெயர் குடாநாடு முழுக்கத் தெரிந்த பெயர்.

இரண்டாவது பள்ளிக்கூடம். 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தியது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி எழுந்தது. பட்டயம் வாங்கியவருக்குச் சங்கீத ஆசிரியர் பதவி, மாதச் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் இருந்தன. உத்தியோகத்தை இவ்வளவு மதித்த ஊரில் இதுவே பெற்றோர் மனம் நிறைந்து ஒப்புக்கொண்ட இசை வாழ்க்கை.

மூன்றாவது வானொலி. யாழ்தேவி ஏறிக் கொழும்புக்குப் போய்க் குரல் தேர்வில் தேறினால் இலங்கை வானொலியின் கலைஞராகலாம். 1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானது. அங்கே எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் ஈழத்துக் கவிஞர்களின் வரிகளை மெல்லிசையாக்க உழைத்தார்கள். அக்கவிஞர்களில் ஒருவரான மகாகவியின் வரிகளைப் பாட்டாகக் கேட்கும் பேறு அவர்களால்தான் நமக்குக் கிடைத்தது. ஆனால் வானொலி கொடுத்த பணம் ஒரு குடும்பம் நடத்தப் போதுமானதல்ல. அது பெயரைத் தந்தது, வருமானத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தது.

கிற்றார் பிடித்த இளைஞனுக்கு இந்த மூன்று வழியும் அடைத்தே இருந்தன. கோயில் மேடைக்கு அவன் ஆகாதவன். சங்கீத சபையிடம் அவன் வாத்தியத்துக்குப் பரீட்சையே இல்லை. வானொலியிலும் முதலில் கர்நாடக இசைக்காரரும் மெல்லிசைக்காரரும்தான் இடம் பிடித்திருந்தார்கள்.

அந்தக் கிற்றார் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தி, 1658இல் ஒல்லாந்தரிடம் கோட்டையைப் பறிகொடுத்துப் போனார்கள். அவர்கள் ஆட்சி போனாலும், அவர்களோடு வந்த ஆட்டமும் தாளமும் இலங்கைக் கரையோரங்களில் தங்கிவிட்டன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் இசையும் அதனோடு கலந்து கப்றிஞ்ஞா எனும் ஆட்டப் பாட்டானது. பறங்கியர் வீட்டு விருந்துகளில் அது உயிரோடிருந்தது. 1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களைக் கட்டினார். பைலா தெருவுக்கு வந்தது. ஆறு எட்டுத் தாளம் என்று மேற்கத்திய இசைக்காரர் சொல்வதை நம் மேளகாரரிடம் தட்டிக் காட்டினால், திஸ்ர நடை போலிருக்கிறதே என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது அந்நியமாகப் படாததற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். கும்மியிலும் காவடியிலும் மூன்று மூன்றாகத் துள்ளிப் பழகிய கால்கள் பைலாவுக்குத் துள்ள மறுக்கவில்லை.

1960களின் நடுவில் கொழும்பில் இன்னொன்றும் நடந்தது. கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் சேர்ந்து மூன்ஸ்டோன்ஸ் என்ற குழுவை நடத்தினார்கள். கிற்றாரும் எளிய பேச்சுச் சிங்களமும் அவர்கள் வழி. ஆரம்ப காலத்தில் அவர்களுக்குப் புகழ் தேடித் தந்த பாட்டு ‘மெங்கோ நெந்தா’, ஒரு மாமியைப் பற்றியது. யாழ்ப்பாணத்திலும் ஒரு மாமி பாட்டுதான் கதவைத் திறந்தது. தெற்கிலும் வடக்கிலும் அந்தத் தலைமுறை காவிய நாயகிகளை விட்டுவிட்டு முற்றத்தில் நின்ற மாமியிடம் வந்து சேர்ந்ததை நான் தற்செயலாக எண்ணவில்லை. அவர்களுக்கு முன்னிருந்த பாட்டு அத்தனையும் உயரத்திலிருந்து பேசியது. இவர்கள் பேசுகிற உயரத்திலேயே பாட நினைத்தார்கள்.

நித்தி கனகரத்தினம் தொழில்முறைப் பாடகராக வளர்ந்தவரல்ல. விவசாயமும் உணவு விஞ்ஞானமும் அவர் துறை. படித்தார், பின்பு படிப்பித்தார். பாட்டு அந்த வாழ்க்கையின் ஓரத்தில், மாணவர் விடுதியிலும் நண்பர் கூட்டத்திலும் கல்லூரி விழாவிலும் பிறந்தது. ‘சின்ன மாமியே’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மருமகன் வந்து மாமியிடம் மகளைக் கேட்கிறான். அவள் படிக்கப் போய்விட்டாள் என்கிறாள் மாமி. படிக்க ஏன் விட்டாய் என்று அவன் முறைப்படுகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதில் ஒரு காலமே தெரியும். மாமி மகள் அவனுக்கு உரித்தான மச்சாள். முறைப்படி அவளைக் கேட்கும் உரிமை தனக்கு உண்டென்று வளர்ந்தவன் அவன். 1945இலிருந்து இலவசக் கல்வி. பெண் பிள்ளைகள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் பட்டணத்துக் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கி இருபது ஆண்டுகள் கழித்து இந்த மருமகன் வாசலில் நிற்கிறான். வீதியில் பொடியள் கண்ணடிக்கும் காலம் என்று மாமியை எச்சரிக்கிறான். அவன் அஞ்சுவது பொடியளுக்கு அல்ல, படித்த மச்சாள் தன்னைத் திரும்பிப் பார்ப்பாளா என்பதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. மாமி அவனைச் சும்மா இருக்கச் சொல்லி அடக்குகிறாள். முறைச் சொந்தத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்த வழக்கு இரண்டு நிமிடப் பாட்டுக்குள் வந்துவிட்டது. அதை ஒரு சமூக ஆய்வாளர் ஒரு நூலில் சொல்லியிருப்பார். நித்தி சிரிக்கவும் ஆடவும் வைத்துச் சொன்னார்.

அதன் மொழியும் அப்படியே. மாமியை ‘அணை’ என்று விளிப்பதும் ‘பொடியள்’ என்று பேசுவதும் அதுவரை வானொலியில் நகைச்சுவை நாடகத்துக்கு ஒதுக்கிய பேச்சு. பாட்டு என்றால் செந்தமிழ், அல்லது சென்னை சினிமாத் தமிழ். அந்த எல்லையை ஒரு உணவு விஞ்ஞானி கிற்றாரோடு கடந்தார் என்பதை நம் இலக்கிய வரலாற்றுக்காரர் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை.

‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ வேறு வகை. குடிக்காதே என்று கெஞ்சும் பாட்டு. பனையை நம்பி வாழும் குடாநாட்டில் கள் ஒரு பக்கம் தொழில், மறுபக்கம் வீட்டுத் துயரம். மதுவிலக்குக் கூட்டங்கள் இங்கே பல காலம் நடந்தன. உரைகளை மேடையில் கேட்டவர்கள் வீட்டுக்குப் போனதும் மறந்தார்கள். அதே புத்திமதியை ஆட வைக்கும் தாளத்தில் வைத்தபோது தவறணைக்குப் போகிறவனும் வாய்விட்டுப் பாடினான். குடியை விட்டானா என்பது வேறு விடயம். ஊர் அந்தப் பாட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டது, விளையாட்டுப் போட்டியிலும் சுற்றுலா பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அது ஒலித்தது.

இந்த இடத்தில் கடல் கடந்து ஓர் ஊரைப் பார்த்து வருவது நல்லது. 1927 கோடையில் ரால்ப் பீர் என்பவர் விக்டர் நிறுவனத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் நகருக்கு வந்தார். சுற்றியிருந்த மலைநாட்டில் பாடுகிறவர்களை அழைத்தார். வர்ஜீனியாக் கிராமத்திலிருந்து கார்ட்டர் குடும்பம் வந்தது. ரயிலில் வேலை பார்த்து வந்த ஜிம்மி ரொட்ஜர்ஸ் வந்தார். கண்ட்ரி இசை என்று உலகம் அழைக்கும் தொழிலுக்கு அந்த நாட்களைத்தான் பிறப்பாகச் சொல்வார்கள். பீர் ஒரு பாட்டுக்கு 50 டொலர் கொடுத்தார். அதைவிட முக்கியமானது, பாட்டின் பதிப்புரிமையைப் பதிவு செய்து, விற்ற இசைத்தட்டுக்குப் பங்கும் கொடுக்க ஒழுங்கு செய்தார். அவருக்கு அதில் பெரிய லாபம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பாடியவர் பெயர் காகிதத்தில் ஏறியது. கார்ட்டர் குடும்பத்து ஏ. பி. கார்ட்டர் மலை மலையாக அலைந்து, யார் எழுதியதென்றே தெரியாத பழைய நாட்டார் பாட்டுகளைத் திரட்டித் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒருவர் எழுதிய பாட்டு, எழுதியவர் இருக்கும்போதே நாட்டார் பாட்டாகிவிட்டது. தமிழ்நாட்டில் ‘சின்ன மாமியே’ பாடாத கல்லூரி விடுதி அபூர்வம். கேட்டால் பழைய கிராமியப் பாட்டு என்பார்கள், சிலர் ஏதோ சினிமாப் பாட்டு என்பார்கள். ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்று சொல்பவர்களை நான் அறிவேன். அவர்கள் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்பு. பாட்டை மக்கள் எடுத்துக்கொள்வது பேறு. பெயரையும் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்வது இழப்பு, அது பாடகனுக்கு மட்டுமல்ல, அவனைப் பார்த்து அடுத்து எழுத நினைக்கும் பிள்ளைக்கும்.

சட்டம் இல்லாமல் போகவில்லை. பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இங்கும் செல்லுபடியானது. இலங்கை 1959இல் பேர்ண் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1979இல் 52ஆம் இலக்கச் சட்டமும் 2003இல் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் வந்தன. பாட்டை எழுதிய கணத்திலேயே அது எழுதியவருக்குச் சொந்தம், எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமை பணமாக மாற நடுவில் ஆட்கள் வேண்டும். தட்டு அச்சிடுகிறவர், பதிப்பாளர், எந்த மேடையில் எந்தப் பாட்டு ஒலித்ததென்று கணக்கு வைத்துப் பணம் வசூலிக்கும் சங்கம். சிங்களப் பாட்டுக்குக் கொழும்பில் ஜெரால்ட் விக்கிரமசூரிய தொடங்கிய சூரிய இசைத்தட்டு நிறுவனம் இருந்தது. கிளாரன்ஸின் தலைமுறை அதன் தோளில் ஏறி நின்றது. யாழ்ப்பாணத்தில் தட்டு அச்சிடும் ஆலை கிடையாது. திருகோணமலை எம். பி. பரமேஷ் 1968இல் ‘உனக்குத் தெரியுமா’ பாட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்தது ஈழத்தில் பெரிய செய்தியாகப் பேசப்பட்டது என்றால், தட்டு எவ்வளவு எட்டாத பொருளாக இருந்தது என்று விளங்கும்.

ஆகவே நித்தி தன் உத்தியோகத்தை விடவில்லை. அதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பாட்டை விற்று வாழத் தேவையில்லாதவர் சந்தை கேட்கும் பாட்டை எழுதத் தேவையில்லை. அவர் பாட்டுகளின் சுதந்திரம் அங்கிருந்துதான் வந்தது. பின்னர் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்பேர்ணில் குடியேறினார். பொப் இசைப் பிதா என்று புலம்பெயர்ந்த மேடைகள் அவரை அழைக்கின்றன.

ஏ. ஈ. மனோகரன் எடுத்த வழி வேறு. பாட்டையும் மேடையையும் முழுநேர வாழ்க்கையாக்கத் துணிந்தவர் அவர். 1966இல் ‘பாச நிலா’ என்ற ஈழத்துத் தமிழ்ப் படத்தில் கதாநாயகனாக நடித்தார். பொப் மேடைகள் வந்தபோது அவற்றுக்கென்றே பிறந்தவர் போல நின்றார். உயரமான உருவம், நீண்ட முடி, ஆடிக்கொண்டே பாடும் உற்சாகம். ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது. எழுதியவர் யாராக இருந்தாலும் அந்தப் பாட்டுகளைப் பெருங்கூட்டத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியதில் மனோகரனுக்கு ஈடு இல்லை.

1970இல் வந்த ஆட்சி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. இந்திய வணிகச் சஞ்சிகைகள் வருவது குறைந்தது. சென்னையிலிருந்து வந்ததை மட்டும் நுகர்ந்து பழகிய நாம் நமக்கென்று எழுதவும் படமெடுக்கவும் பாடவும் வேண்டியதாயிற்று. அதே காலத்தில் குடாநாட்டு வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. விவசாயி கையில் பணம் புழங்கியது, ஊர் விழாக்களில் அது தெரிந்தது. மேளக் கச்சேரிக்குப் பக்கத்தில் இசைக் கோஷ்டிக்கும் இடம் வந்தது. கண்ணன் கோஷ்டியின் பெயரைச் சொன்னால் அந்தக் காலத்தவர் முகம் இன்றும் மலரும். பொப் பாடகருக்கு முதன்முதலாக உண்மையான வாசல் திறந்தது அங்கேதான். பத்து ஆண்டுகளுக்கும் குறைவான காலம் அது திறந்திருந்தது. 1978இல் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் படமானபோது மனோகரன் அதில் நடித்தார். ஈழத்துத் திரையும் ஈழத்துப் பாட்டும் ஒன்றையொன்று தாங்கி வளரும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது.

1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்தது. இந்தியப் படங்களும் கசெற்றுகளும் தாராளமாக வந்தன. அதே ஆண்டு இனக்கலவரமும் வந்தது. மனோகரன் தமிழ்நாட்டுக்குப் போனார். அவர் குரல் அவருக்கு முன்பே அங்கே போயிருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தென்தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. கே. எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் அங்குள்ளவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே நினைத்தார்கள். அந்த அலைவரிசையில் அவர் பாடிய ‘சுராங்கனி’யும் கடல் தாண்டியது. சிங்களமும் தமிழும் கலந்து, மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் பைலா. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் அதைப் பாடினார்கள். தமிழ்நாட்டில் இன்று பலருக்கு அது அந்தப் படத்துப் பாட்டு.

சென்னையில் அவர் ‘சிலோன் மனோகர்’ ஆனார். மேடைக் கச்சேரிகள் செய்தார், பல மொழிகளில் ‘சுராங்கனி’ பாடினார். ஆனால் சென்னையில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. சினிமாவுக்கு வெளியே நின்று பாடும் ஒருவருக்கு அங்கே வருமானம் தரும் ஏற்பாடு அன்று இல்லை. சினிமா அவருக்குப் பாடகனாக அல்ல, வில்லனாக இடம் கொடுத்தது. தமிழிலும் மலையாளத்திலும் பல படங்களில் அடியாளாகவும் கொள்ளைக்காரனாகவும் வந்து போனார். பின்னர் தொலைக்காட்சித் தொடர்கள். ஒரு பெரும் மேடைக் கலைஞர் தன் உருவத்தை விற்று வாழ வேண்டிவந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை. 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் அவர் காலமானபோது செய்தி எழுதியவர்கள் எல்லோரும் தேடிப் பிடித்த ஒரே அடையாளம் ‘சுராங்கனி’தான். யாழ்ப்பாண மேடைகளும் ‘பாச நிலா’வும் ‘வாடைக்காற்று’ம் பெரும்பாலான செய்திகளில் ஓரத்துக்குப் போய்விட்டன.

யுத்த காலத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே தொட்டு மட்டும் போகிறேன். 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ தரும் மின்னில் வானொலியும் கசெற்றும் கேட்டார்கள். கை ஓய்ந்தால் பாட்டு இழுபட்டது. அந்தக் கசெற்றுகளில் பெரும்பகுதி போராட்டப் பாடல்கள். எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் பெயர்களை அவை ஒழுங்காகச் சொல்லின. அவை ஓர் இயக்கத்தின் பாட்டுகள், தனி ஒருவர் தன் மாமியைப் பற்றிப் பாடிய பாட்டுகள் அல்ல. ஆனாலும் எழுதியவரைப் பெயர் சொல்லி மதிக்கும் பழக்கம் அதில் இருந்தது என்பதை வரலாறு பதிவு செய்ய வேண்டும்.

பெயரும் பங்கும் கிடைக்கும் இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை பாடினால் என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். மாதங்கி அருள்பிரகாசம், உலகம் மாயா என்றும் எம்.ஐ.ஏ. என்றும் அறிந்தவர், 1975இல் லண்டனில் பிறந்து குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். 2007இல் ‘கலா’ என்ற தொகுப்பில் வந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் தி கிளாஷ் குழுவின் பழைய பாட்டொன்றின் இசைத்துண்டு இருக்கிறது. அந்தத் துண்டுக்காக கிளாஷ் குழுவினர் நால்வர் பெயரும் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் ஏறியிருக்கிறது. உரும்பிராய்ப் பாட்டு முழுவதையும் எடுத்துப் பாடுகிறவர்கள் ஒரு பெயரையும் எழுதுவதில்லை.

இப்போது குடாநாட்டில் பிள்ளைகள் ராப் பாடுகிறார்கள். கையிலிருக்கும் போனில் பதிவு செய்து யூடியூப்பில் ஏற்றுகிறார்கள். தட்டு ஆலையும் யாழ்தேவியும் தேவையில்லை. அவர்களிலும் பெரும்பாலானவர்கள் பகலில் ஏதோ ஒரு வேலை பார்க்கிறார்கள். ஆனால் பாட்டின் கீழே எழுதியவர் பெயர் நிற்கிறது. பாட்டை ஏற்றுகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது, அந்தப் பெயரைப் போடத் தவறாதீர்கள் என்பதுதான்.

வாசகரிடமும் ஒன்று கேட்கிறேன். 1960, 1970களின் பொப் மேடை அறிவித்தல், இசைத்தட்டு உறை, கல்லூரி விழா மலர், கையால் எழுதிய பாட்டுக் கொப்பி, எழுதியவர் பெயரோடு உங்கள் வீட்டுப் பெட்டியில் எது இருந்தாலும் கறையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்திடம் ஒரு பிரதி போய்ச் சேரட்டும். இந்தத் தொடருக்கும் அனுப்பலாம். அடுத்த இதழில் திருகோணமலைக்குப் போகிறோம், பரமேஷும் அவர் சகோதரர் கோணேஷும் அங்கே காத்திருக்கிறார்கள்.